மூணு மார்க்ல போச்சாம்

போன ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கெல்லாம் எங்க அண்ணன் வந்து நிக்குது, ஒரு கைல காசிமேட்டுல வாங்குன சங்கரா ஒரு கிலோ, இன்னொரு கைல பிளாஸ்டிக் ஃபைல். மீனை அம்மாகிட்ட குடுத்துட்டு ஃபைலை என் மடியில போட்டுட்டு, செருப்பு கூட கழட்டல, "மூணு மார்க்ல போச்சு பாப்பா"ன்னு சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. யாருக்கோ பரீட்சை ரிசல்ட் வந்துருக்கு போலன்னு நினைச்சேன்.

பிரிச்சுப் பாத்தா ஐக்யூ ரிப்போர்ட். அண்ணன் பையனோடது. நாலாவது படிக்கறான், ஒம்போது வயசு, இங்க அவனை குட்டின்னே வெச்சுக்கறேன். அவன் ஸ்கூல்ல இந்த வருசம் 'கிஃப்டட் புரோகிராம்'னு, ரொம்ப அறிவான பசங்களுக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க, டீச்சர் பேர் சொன்ன பசங்களை மட்டும் வெளியில ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட டெஸ்ட் எடுத்துட்டு வரச்சொல்லிருக்காங்க, காசு நம்ம கைக்காசு. 130 வந்தா உள்ள, இல்லன்னா இல்ல. குட்டிக்கு 127.

நான் பன்னெண்டு வருசமா ஸ்பெஷல் எஜுகேட்டரா இருக்கேன், பழைய வண்ணாரப்பேட்டைலதான் வீடு, சென்டரும் பக்கத்துலதான். இந்த மாதிரி ரிப்போர்ட் மாசத்துக்கு நாலஞ்சு என் டேபிளுக்கு வரும். டெஸ்ட் எடுக்கறது சைக்காலஜிஸ்ட் வேலை, அதை வெச்சு கிளாஸ்ல என்ன பண்றதுங்கறது என் வேலை. அதனால அண்ணனுக்கு என்கிட்ட வந்தா எதாவது பண்ணிருவேன்னு ஒரு நம்பிக்கை, ரேஷன் கார்டுல பேர் திருத்தற மாதிரி.

அண்ணன் சோகத்துக்கு வேற ஒரு கதை இருக்கு. அது பிளஸ் டூ முடிச்சப்போ என்ட்ரன்ஸ் இருந்த காலம், மார்க்ல 200, என்ட்ரன்ஸ்ல 100, மொத்தம் 300க்கு கட்-ஆஃப். அரை மார்க்ல அது நினைச்ச சீட்டு போச்சு. இத்தனை வருசம் ஆயும் கல்யாண வீடு, காதுகுத்து எங்க உக்காந்தாலும் அந்த அரை மார்க் ஒரு தடவை வெளிய வந்துரும். நம்ம ஊர்ல கட்-ஆஃப்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாலே போதும், அப்புறம் முன்னாடி இருக்கற நம்பர் எதுவா இருந்தாலும் அது மார்க்தான், கொறஞ்சா போச்சுதான். ஐக்யூவையும் அப்படியேதான் படிக்கறாங்க. அண்ணன் மட்டும் இல்ல, அந்த ஸ்கூலும்தான்.

"ண்ணா, மொதல்ல இது எத்தனைக்கு 127, சொல்லு"ன்னேன். கொஞ்சம் யோசிச்சு "150க்கா?"ன்னுச்சு. இதான் விசயமே. ஐக்யூ எதுக்கும் அவுட் ஆஃப் கிடையாது. அந்த வயசுப் பசங்க நிறைய பேருக்கு டெஸ்ட் எடுத்து, நடுவுல இருக்கறவனுக்கு 100னு வெச்சுட்டு, அங்கேர்ந்து எவ்ளோ தள்ளி நிக்கறான்னு அளக்கறது, ஒரு படிக்கு 15. ரெண்டு படி ஏறினா 130. அந்த 130க்கு வேற எந்த மகிமையும் கிடையாது, கணக்கு போட வசதியா இருக்குன்னு புடிச்ச கோடு, அமெரிக்கால பல ஸ்கூல் அதையே புடிச்சுக்கிச்சு, அங்கேர்ந்து நம்மாளுங்க எடுத்துக்கிட்டாங்க. 1000 பசங்களை வரிசையா நிக்க வெச்சா 130க்கு மேல சுமார் 23 பேர் இருப்பாங்க. 127க்கு மேலன்னா சுமார் 36. மூணு மார்க்குன்னு அண்ணன் சொல்றது இந்த பதிமூணு பேர் வித்தியாசம்தான்.

அதே பக்கத்துல 127க்குப் பக்கத்துல சின்ன எழுத்துல ஒண்ணு போட்டிருந்துச்சு, 122–131னு, 95 சதவீத நம்பிக்கை எல்லைன்னு. அதை அண்ணனும் படிக்கல, அண்ணியும் படிக்கல, ஸ்கூல்ல யாரும் படிச்ச மாதிரி தெரியல. எந்த டெஸ்ட்லயும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அன்னிக்கு தூக்கம் சரியில்ல, பசி, டெஸ்ட் எடுத்தவங்களை புடிக்கல, ஒரு கேள்விய காதுல சரியா வாங்கல, எதுனாலயும் நாலு அஞ்சு பாயின்ட் இப்டி அப்டி போவும். காசிமேட்டுல மீன்காரம்மா தராசுல போட்டதும் முள்ளு ஆடும்ல, அது நிக்கறதுக்குள்ள மீனை எடுத்து கூடையில போட்ருவாங்க, நாம என்னம்மா இதுன்னு சண்டை புடிப்போம். மீனுக்கு சண்டை போடறவங்க இதுக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறாங்க. 122லேர்ந்து 131க்குள்ள எங்கயோ இருக்கான்னு அந்த பேப்பரே சொல்லுது, அந்த எல்லைக்குள்ள 130 இருக்கு. அப்போ இவன் கோட்டுக்கு இந்தப் பக்கம்னு அடிச்சு சொல்ல முடியாது. அந்தப் பக்கம்னும் சொல்ல முடியாது, அதையும் அண்ணன்கிட்ட சொன்னேன், மூஞ்சி தொங்கிருச்சு.

ஆனா எனக்கு இதெல்லாம் பெருசா படல. மூணாவது பக்கத்துக்குப் போனேன். எந்த ரிப்போர்ட் வந்தாலும் நான் மொதல்ல பாக்கறது மூணாவது பக்கம்தான், மொத்த நம்பர் அப்புறம்.

அவனுக்கு எடுத்தது விஸ்க்னு பசங்களுக்கான ஐக்யூ டெஸ்ட், நாலாவது எடிஷன், இந்தியப் பதிப்பு. அதுல பத்து சின்ன டெஸ்ட், அதை நாலு கூடையா பிரிச்சு நாலு ஸ்கோர் வரும், அப்புறம் எல்லாத்தையும் சேத்து ஒரு மொத்த ஸ்கோர். குட்டிக்கு வார்த்தை, பேச்சு, விளக்கம் சொல்றது இதெல்லாம் 132. படம் பாத்து யோசிக்கறது, சிவப்பு வெள்ளைக் கட்டைய அடுக்கறது, அந்த கூடை 135. கேட்டதை மனசுல நிறுத்தி வேலை பண்றது 116. வேகம், அதாவது பாத்து எழுதற வேகம், 94.

132, 135, 116, 94. இதைப் பாத்த உடனே நான் அண்ணனை விட்டுட்டு குட்டிய கூப்ட்டேன். அவன் ஆயா கூட உக்காந்து மீன் செதில எண்ணிட்டு இருந்தான்.

"குட்டி, அந்த அக்கா பென்சில் குடுத்து கட்டத்துக்குள்ள எதோ போடச் சொன்னாங்கல்ல, அது எப்டி இருந்துச்சு?"

"அது நல்லால்ல அத்த."

"ஏன்டா?"

"ஒண்ணு கோணலா வந்துருச்சு. அழிக்கலாம்னா ரப்பரே இல்ல. அக்கா கிட்ட கேட்டேன், பரவால்ல அப்படியே போடுன்னாங்க. நான் அதுமேலயே திரும்ப நேரா போட்டேன்."

"எத்தனை அப்டி போட்ட?"

"எல்லாம்தான்."

அந்த டெஸ்ட்டுக்கு ரெண்டு நிமிசம்தான் டைம், பென்சில்ல ரப்பர் இல்லாம குடுக்கறது டெஸ்ட்டோட விதியே. இவன் ஒவ்வொரு குறியையும் ரெண்டு தடவை வரைஞ்சிருக்கான். சின்ன டெஸ்ட்டுக்கெல்லாம் 10தான் சராசரி, இவனுக்கு அதுல 7. அதுக்கு அடுத்த வேக டெஸ்ட்ல வரைய வேண்டியது கம்மி, சும்மா பாத்து கோடு போட்டா போதும், அதுல 11. (டெஸ்ட்டுக்குள்ள என்னென்ன கேள்வின்னு யாரும் கமெண்ட்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது.) இவன் ஹோம்வொர்க் நோட்டை நான் பாத்திருக்கேன், ஒரு 'அ' எழுத மூணு தடவை அழிப்பான், அண்ணி திட்டி திட்டி ஓஞ்சு போய்ட்டாங்க. அதே கைதான் அங்கயும் போயிருக்கு.

இப்போ இந்த 94ஐயும் 135ஐயும் ஒண்ணா போட்டு கலக்கி 127னு ஒரு நம்பர் எடுத்தா அது யாரோடது? குழம்பையும் பாயசத்தையும் ஒரே குண்டான்ல ஊத்திட்டு ருசி எப்டின்னு கேக்கற மாதிரி. நாலு கூடைக்கும் நடுவுல இவ்ளோ பள்ளம் இருந்தா மொத்த ஸ்கோரை வெச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு இந்த ஃபீல்டுல இருக்கறவங்களுக்கெல்லாம் தெரியும். அதுக்குன்னே ஜிஏஐன்னு ஒரு கணக்கு இருக்கு, வேகத்தையும் மனசுல நிறுத்தறதையும் ஒதுக்கி வெச்சுட்டு யோசிக்கற பகுதிய மட்டும் எடுத்து போடறது. ரொம்ப யோசிக்கற பசங்க நிறைய பேருக்கு இந்த ரெண்டு கூடைதான் கீழ இழுக்கும், கைய விட தலை வேகமா ஓடும், இல்லன்னா தப்பு வந்துருமோன்னு நிதானமா போவாங்க. அமெரிக்கால கிஃப்டட் பசங்களுக்கான தேசிய சங்கம், என்ஏஜிசின்னு சொல்வாங்க, அவங்களே 2008லயும் அப்புறம் விஸ்க் அஞ்சாவது எடிஷன் வந்ததுக்கு அப்புறம் 2018லயும் இதைத்தான் எழுதி வெச்சாங்க, மொத்த ஸ்கோர் வேணும்னு அடம் புடிக்காதீங்க, ஜிஏஐ மாதிரி ஸ்கோரையும் ஏத்துக்கங்கன்னு. 130ங்கற கோட்டை அங்கேர்ந்து எடுத்தவங்க இதையும் சேத்து எடுத்திருக்கலாம்.

டெஸ்ட் பண்ணவங்களுக்கு திங்கக்கிழமை போன் பண்ணி கேட்டேன். ரொம்ப நல்லவங்க, கேட்ட உடனே போட்டுக் குடுத்தாங்க, ஜிஏஐ 137. "ஸ்கூல்ல மொத்த ஸ்கோர் மட்டும் போதும்னு ஃபார்ம் குடுத்தாங்க மேடம், அதான்"னாங்க. ஃபார்ம்ல ஒரு கட்டம்தான் இருந்திருக்கு.

அண்ணி அதுக்குள்ள வேற ஐடியால இருந்தாங்க. தண்டையார்பேட்டைல யாரோ ஐக்யூக்கு கோச்சிங் குடுக்கறாங்களாம், ரெண்டு மாசம் அனுப்பிட்டு திரும்ப டெஸ்ட் எடுத்தா 140 நிச்சயமாம். அண்ணி, கண் டாக்டர் செவுத்துல மாட்டியிருக்கற எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டு போய் ஒப்பிச்சா கண்ணாடி வேணாம்னுதான் எழுதுவாரு, அப்புறம் ரோடு தெரியுமா? இதுவும் அப்டித்தான். பழகிட்டு போனா ஸ்கோர் ஏறும், அது என்னத்தோட ஸ்கோர்னு யாருக்கும் தெரியாது. கோச்சிங்கே போகலன்னாலும் அதே டெஸ்ட்டை சீக்கிரம் திரும்ப எடுத்தா கொஞ்சம் ஏறத்தான் செய்யும், குறிப்பா அந்த கட்டை அடுக்கறது, படம் பாக்கறது எல்லாம். அதான் ஒரு வருசமாவது இடைவெளி விடச்சொல்றது.

இன்னொண்ணு. பக்கத்து வீட்டுக்காரங்க, பேரனுக்கு 142, எங்க பையனை விட இவன் கம்மிதானேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு போயிருக்காங்க. அம்மாவுக்கு அதுவேற வருத்தம், அன்னிக்கு பூரா யார்கூடயும் சரியா பேசல. அந்த 142 எந்த டெஸ்ட்னு கேட்டு வாங்கிப் பாத்தேன், பிகேடி, பினே காமத் டெஸ்ட். அது ஆறு வயசுப் பையன் எட்டரை வயசுப் பையன் பண்றதை பண்ணா எட்டரைய ஆறால வகுத்து நூறால பெருக்கற கணக்கு, அதான் 142. வில்லியம் ஸ்டெர்ன்னு ஒரு ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் 1912ல சொன்ன வகுத்தல் அது. விஸ்க்ல வர்ற நம்பர் வரிசைல எங்க நிக்கறான்ங்கற கணக்கு. ரெண்டுக்கும் பேரு ஒண்ணு, ஐக்யூ, ஆனா அளவுகோல் வேற. முழத்தையும் மீட்டரையும் பக்கத்துல வெச்சு யார் உசரம்னு சண்டை போடறாங்க.

வருசத்தையும் பாக்கணும். நம்ம ஊர்ல இன்னும் நிறைய எடத்துல மிசிக்தான் ஓடுது, மாலின்னு ஒருத்தர் பழைய விஸ்க்கை இந்தியப் பசங்களுக்கு மாத்தி 1969ல கொண்டுவந்தது. கெட்ட டெஸ்ட் இல்ல, நானே அந்த ரிப்போர்ட்டை வெச்சு வேலை பாத்திருக்கேன், ஆனா அந்தக் காலத்துப் பசங்களை வரிசைல நிக்க வெச்சு எடுத்த அளவு அது. ஜேம்ஸ் ஃபிளின்னு ஒருத்தர் 1984ல காட்டினாரு, அமெரிக்கால பத்து வருசத்துக்கு சுமார் 3 பாயின்ட் கணக்குல ஜனங்க ஸ்கோர் ஏறிட்டே போயிருக்குன்னு. அதான் பழைய வரிசையோட இன்னிக்குப் பையனை நிக்க வெச்சா உள்ளதை விட உசரமா தெரிவான். இந்த 130உம் அந்த 130உம் ஒண்ணு கிடையாது. அந்த ஸ்கூல் எந்த டெஸ்ட்டா இருந்தாலும் பரவால்ல, 130 இருந்தா போதும்னு சொல்லிருக்காங்க! அதாவது பழைய டெஸ்ட் எடுத்தவன் உள்ள, புது டெஸ்ட் எடுத்தவன் வெளிய.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு வேற ஒரு பொண்ணு ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. எங்க சென்டருக்கு வருது, காசிமேட்டுப் பக்கம், அஞ்சாவது, அப்பா போட்ல போறவரு. படிக்க வரலன்னு ஸ்கூல்ல அனுப்பி விட்டாங்க. வேற எங்கயோ ஒரு எடத்துல இங்கிலீஷ்ல டெஸ்ட் எடுத்து பேச்சுப் பகுதில 88 போட்டு குடுத்திருந்தாங்க. அது வீட்ல பேசறது இன்னா, ஏன், நாஸ்டா துன்னியா ரகம், அதுகிட்ட போய் இங்கிலீஷ்ல வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா 88 வந்ததே பெருசு. எங்க சைக்காலஜிஸ்ட் திரும்ப உக்கார வெச்சு ராவன்ஸ் கலர் மேட்ரிசஸ் எடுத்தாங்க, அதுல வார்த்தையே வேணாம், பேட்டர்ன்ல விட்ட எடத்துக்கு எது பொருந்தும்னு காட்டினா போதும். மொத்தம் 36. அது 34 சரியா பண்ணுச்சு. டீ கூட ஆறல, முடிச்சுட்டு "இன்னும் இருக்கா மிஸ்?"னு கேட்டுச்சாம்.

அதுக்கு படிக்கறதுல பிரச்சனை நிஜமாவே இருக்கு, எழுத்து கலங்குது, அதுக்குத்தான் என்கிட்ட வருது. ஆனா ஏலத்துல அப்பா கூட நின்னு கூடை கணக்கு, ஐஸ் கணக்கு, டீசல் கழிச்சு ஆளுக்கு எவ்ளோன்னு வாயாலயே சொல்லும், நான் செல்போன்ல போட்டு சரிபாத்திருக்கேன். இந்தப் பொண்ணு பேரை எந்த டீச்சரும் கிஃப்டட் லிஸ்ட்ல எழுத மாட்டாங்க. அதுக்கு முன்னாடி இருக்கற ஒரே கதவு எட்டாவதுல வர்ற என்எம்எம்எஸ்ங்கற மத்திய அரசு ஸ்காலர்ஷிப் பரீட்சை, அதுல மனத்திறன் பகுதி 90 கேள்வி, பாஸ் பண்ணி செலக்ட் ஆனா ஒம்போதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வருசம் 12,000 ரூபாய் வரும். அதுக்கு இன்னும் மூணு வருசம் இருக்கு, அதுக்குள்ள கேள்வித்தாளை படிக்கற வேகம் வரணும். ஆல்ஃபிரட் பினேன்னு ஒருத்தர் 1905ல பாரிஸ்ல இந்த ஐக்யூ மாதிரி டெஸ்ட்டை மொதமொதல்ல பண்ணதே கிளாஸ்ல யாருக்கு உதவி வேணும்னு கண்டுபுடிக்கத்தான். நாம அதை வெச்சு கேட்ல நின்னு டோக்கன் கிழிச்சிட்டு இருக்கோம்.

சரி, அண்ணன் விசயத்துக்கு வர்றேன். புதன்கிழமை நானும் அண்ணனும் ஸ்கூலுக்குப் போனோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல வழக்கம்போல அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துல அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டேன், இவ்ளோ நாளா எனக்கே தோணல, "ண்ணா, அந்த புரோகிராம்ல என்னதான் பண்ணுவாங்க?" அண்ணன் பைக்கை ஆஃப் பண்ணிட்டு திரும்பிப் பாத்துச்சு. "கிஃப்டட்டா ஆக்குவாங்க"ன்னுச்சு. அதுக்கும் தெரியல.

அங்க போய் லெட்டர் குடுத்தோம், ஜிஏஐ விவரம், எல்லை 131 வரைக்கும் போறது, எல்லாம் ஒரே பக்கத்துல. கோஆர்டினேட்டர் மரியாதையா வாங்கிக்கிட்டாங்க, கமிட்டில வெக்கறோம்னாங்க. அப்புறம் நான் அந்தக் கேள்விய கேட்டேன். ஒரு நோட்டீஸ் எடுத்துக் குடுத்தாங்க. சனிக்கிழமை காலைல ரெண்டரை மணி நேரம். அபாகஸ், வேத கணிதம், ஸ்பீட் ரீடிங், அஞ்சு நிமிசத்துல 100 கணக்கு. மாசம் ஒரு தடவை டைம் வெச்சு போட்டி.

அண்ணன் அதை ரெண்டு தடவை படிச்சுச்சு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன். வேகத்துல 94 வாங்குனவனை, அந்த 94ஐ ஒதுக்கி வெச்சுட்டுப் பாருங்கன்னு கெஞ்சி, முழுக்க முழுக்க வேகத்துக்குன்னே போட்ட கிளாஸுக்குள்ள தள்ளப் பாக்கறோம். 135 வாங்குன பகுதிக்கு, அதான் அவன் நிஜமாவே பறக்கற எடத்துக்கு, அந்த நோட்டீஸ்ல ஒரு வரி கூட இல்ல. ஸ்கோரை எப்டி படிக்கணும்னு அத்தனை நாள் மண்டைய ஒடச்சேன், எதுக்காக படிக்கறோம்னு இந்த நோட்டீஸைப் பாத்தப்புறம்தான் ஒறைச்சுது.

வீட்டுக்கு வந்து குட்டிகிட்ட அண்ணன் சொல்லுச்சு, சனிக்கிழமை காலைல கிளாஸ் கெடச்சாலும் கெடைக்கும்னு. அவன் உடனே "சனிக்கிழமை கேரம் க்ளப் இருக்கே"ன்னான். புதுவண்ணாரப்பேட்டைல ஒரு சின்ன க்ளப், ரெண்டு போர்டு, ஒரு டியூப் லைட். 2024ல அமெரிக்கால நடந்த கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்கிட்டு வந்துச்சே காசிமா, அந்தப் பொண்ணு ஏரியாதான், அதுலேர்ந்து இங்க இருக்கற பசங்களுக்கெல்லாம் கேரம் பைத்தியம் ரெண்டு மடங்கு. நான் ஒரு தடவை போய் பாத்தேன். குட்டி ஸ்ட்ரைக்கரை வெச்சுட்டு ஒரு நிமிசம் சும்மா போர்டையே பாப்பான், தலைய சாச்சு ஒரு பக்கம் பாப்பான், மறுபடி இந்தப் பக்கம் பாப்பான், மத்த பசங்க "டேய் போடுறா, விடிஞ்சிரும்"னு கத்துவானுங்க. அப்புறம் மெதுவா ஒரு தட்டு தட்டுவான், காயின் ரெண்டு பக்கம் மோதிட்டு போய் விழும்.

கமிட்டி பதில் அடுத்த வாரம் சொல்றாங்களாம். அந்த நோட்டீஸ் அண்ணன் சட்டைப் பாக்கெட்லயே நாலா மடிச்சு கெடக்கு, அண்ணி துவைக்கப் போடும்போது எடுத்து வெளிய வெச்சாங்களாம், திரும்ப எடுத்து உள்ள வெச்சுக்கிச்சாம்.